முக்காட்டுக்கு ஒரு ஹூக்

ஜூலை 28, 2024 – ஞாயிறு

மத்தியானம் சோற்றுக்கு உட்காரும் நேரத்தில் அக்கா பொண்ணு வந்து நின்றாள். பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கையில் பெரிய பை. அங்கே சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய துணியாம், ஆறு மீட்டர். பிரித்துப் பார்த்தேன். பாலியஸ்டர் கலந்தது. நன்றாக விழும், ஆனால் சூடு தாங்காது.

"மாமா, பத்தாம் தேதிக்குள்ள தெச்சுக் குடுத்துடுங்க. காலேஜ் புரோகிராமுக்கு."

போனில் படத்தைக் காட்டினாள். மஞ்சளும் பச்சையுமான தோல், தலையை மூடிய முக்காடு, மூக்குத் தண்டின் குறுக்கே வரிசையாகச் சின்னச் சின்ன வைரக்கட்டங்கள் பச்சை குத்தியதுபோல. உடை கறுப்பா கருநீலமா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. யார் என்றேன். பாரிஸ் என்றாள். பாண்டிச்சேரியில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர்கள் பாரிஸில்தானே இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு முறைத்தாள். பாரிஸ் ஆஃபி. ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிக் கதையில் வருகிற ஜெடாய் மாணவி. ஜெடாய் என்றால் ஒளிவாள் பிடிக்கிற காவல் வீரர்களாம். 2002ல் வந்த படத்தில் குருவோடு கொஞ்ச நேரம்தான் வருவாளாம். அந்த வேஷம் போட்டவர் பெயர் நளினி கிருஷன் என்று என்னவோ எங்கள் தெருப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். அப்புறம் 'குளோன் வார்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரில்தான் அவளுக்கு முழுக்கதையும்.

ஜெடாய்களிடம் தொழில் கற்கிற பிள்ளைகளுக்கு 'பதவான்' என்று பெயர். எனக்குப் 'படவா' என்றுதான் காதில் விழுந்தது. நான் தையற்கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற பையனாக இருந்தபோது மாஸ்டர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அப்படித்தான் கூப்பிடுவார்.

அளவு எடுத்தேன். கழுத்துக்குழியில் டேப்பை வைத்து, உச்சந்தலையைச் சுற்றி, மறுபடி கழுத்துக்குழி வரை. 29 இஞ்ச். பின்னால் கொஞ்சம் தொங்கல் வேண்டும் என்றாள். 32 போட்டுக்கொண்டேன்.

ஜூலை 30 – செவ்வாய்

ஆளைத் தெரியாமல் சட்டை தைக்கலாம், இந்த மாதிரி உடையைத் தைக்க முடியாது. எப்படி நடப்பாள், கையை எங்கே வைத்துக்கொள்வாள் என்று பார்க்க வேண்டும். அக்கா பொண்ணு என் போனில் ஹாட்ஸ்டாரைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். ஒவ்வொரு எபிசோடுக்கும் வாட்ஸ்அப்பில் தமிழில் கதை சொல்லி வாய்ஸ் அனுப்புகிறாள். கடை மூடினதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கட்டிங் டேபிள்மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்க்கிறேன்.

இன்றைக்கு இரண்டாம் சீசன், 2009ல் வந்தது. பாரிஸும் அவள் வயதொத்த இன்னொரு மாணவி அசோகாவும் எதிரிகளின் ரோபோ ஆலையைத் தகர்க்கப் போகிறார்கள். வேறு வழி இல்லாமல் உள்ளே இருந்தபடியே வெடிக்க வைக்க, மொத்தக் கட்டடமும் அவர்கள் இருக்கிற பீரங்கி வண்டிமேல் இடிந்து விழுகிறது. இருட்டில் இரண்டு பேரும் மூச்சுக்காற்று தீரத் தீரப் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்தது. பாரிஸ் நிதானமானவள். பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கிற முதல் பெஞ்சுப் பெண். அசோகா துடுக்கு. இரண்டு எபிசோடு தள்ளி ஒரு புழு பாரிஸின் மூளைக்குள் புகுந்துவிடுகிறது. என்னைக் கொன்றுவிடு என்று தோழியிடமே கெஞ்சுகிறாள். அசோகா கொல்லவில்லை. கப்பலின் குளிரூட்டும் குழாயை வெட்டுகிறாள். குளிர் தாங்காமல் வெளியே வருகிற புழுவை வாளால் வெட்டிப்போடுகிறாள்.

இவ்வளவு ஆன பிறகு பாரிஸ்தான் அசோகாவை மாட்டிவிடுவாள் என்று அக்கா பொண்ணு முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 1 – வியாழன்

ஆவணிக் கல்யாணங்களுக்கு ஜாக்கெட் துணி வர ஆரம்பித்துவிட்டது. ஆடியில் கடை ஈ ஓட்டும் என்று யார் சொன்னது?

இரவு ஐந்தாம் சீசனின் கடைசி நான்கு எபிசோடுகளில் மூன்றைப் பார்த்தேன். ஜெடாய் கோயிலில், விமானங்கள் நிற்கிற கூடத்தில் குண்டு வெடிக்கிறது. குண்டை யாரும் கொண்டு வந்து வைக்கவில்லை. அங்கே வேலை பார்த்த ஓர் ஆள்தான் குண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன எந்திரங்களை அவன் மனைவி லெட்டா சாப்பாட்டில் கலந்து கொடுத்திருக்கிறாள். அவளைப் பிடித்து அடைக்கிறார்கள். அவள் அசோகாவை வரச்சொல்லி, இதைச் செய்யச் சொன்னது ஒரு ஜெடாய் என்று சொல்லும்போதே கழுத்து நெரிபட்டுச் சாகிறாள். நெரிக்கிற கை தெரியவில்லை. கேமராவில் கையை நீட்டியபடி அசோகா மட்டும் இருக்கிறாள். அப்புறம் என்ன, ஓட்டம்தான்.

ஒரு காட்சியை மட்டும் மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன். நகரத்தின் அடித்தளத்தில் ஒளிந்துகொண்டு அசோகா தோழியைக் கூப்பிட்டு உதவி கேட்கிறாள். இந்த முனையில் பாரிஸ், எவ்வளவு அக்கறையான குரலில், இன்ன கிடங்குக்குப் போ, துப்பு கிடைக்கும் என்று வழி சொல்கிறாள். அங்கேதான் பொறி. குண்டுச் சாமான்களுக்கு நடுவில் அசோகா பிடிபடுகிறாள். வெடியைவிட அந்தக் குரல்தான் எனக்குக் கலக்கமாக இருந்தது. குரலில் நடிப்பே இல்லை.

கட்டிங் போடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 3 – சனி

ஆடிப்பெருக்கு. பெண்ணையாற்றுப் பக்கம் கூட்டமென்று வீட்டில் போகவில்லை. சித்ரான்னம் செய்தார்கள். எலுமிச்சைச் சோற்றை மட்டும் நான் தொடவில்லை. பழைய வழக்கம், வீட்டில் யாரும் இப்போது கேட்பதில்லை.

ஆகஸ்ட் 4 – ஞாயிறு

ஆடி அமாவாசை. விடிகாலையில் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். மாஸ்டருக்கும் மனசுக்குள் ஒரு கை எள்ளும் தண்ணீரும். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அது என் வேலை இல்லைதான்.

மிச்சமிருந்த ஒரு எபிசோடையும் பார்த்தேன். 2013 மார்ச்சில் ஒளிபரப்பானது. அசோகாவுக்குத் தண்டனை சொல்லப்போகிற நேரத்தில் அவளுடைய குரு அனகின் பாரிஸைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறான். நிறுத்தினதும் அவள் பேசுகிறாள் பாருங்கள், தலை நிமிர்ந்து. இந்தப் போருக்கு ஜெடாய்களும் பொறுப்பு, நாம் இருட்டின் பக்கம் சண்டை போடுகிற பட்டாளமாகிவிட்டோம் என்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கிற ஆட்சித் தலைவர் பால்பட்டீன்தான் அந்த இருட்டு. அது அவளுக்கும் தெரியாது, அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

அக்கா பொண்ணின் வாய்ஸ்: "அவ சொன்னது கரெக்ட்தானே மாமா? கடைசியில அப்படித்தானே நடந்துச்சு?"

கரெக்ட்தான். ஆனால் நியாயம் பேச வேண்டியவள் அந்த மேடையில் முதல் நாளே ஏறியிருக்கலாமே. பிடிபட்ட பிறகு பேசுகிற நியாயத்தை நான் அரைவிலைக்குத்தான் எடுப்பேன். அவள் கோபம் கோயில்மேல். மாட்டிவிட்டது, இடிபாட்டுக்குள் தன்னோடு மூச்சுக்காற்றைப் பங்கு போட்டவளை. இதை நான் யார் சொல்ல என்றால், சொல்லக்கூடிய ஆள்தான்.

1996. எனக்குப் பதினாலு வயது. திருப்பாதிரிப்புலியூரில் மாஸ்டரிடம் இரண்டு காஜா பையன்கள், நானும் இன்னொருவனும். அவன் என்னைவிட ஒரு மாசம் மூத்தவன், இடக்கைக்காரன். கொட்டாங்குச்சிக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. ஒரு மாப்பிள்ளையின் கோட்டுத் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்த நான், வெளியே யாரோ கூப்பிட்டார்களென்று பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். திரும்பி வந்து எடுத்தபோது பெட்டியின் உருவம் அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. கருகிய வாடை. கடையில் யாரும் இல்லை. கருகின இடம் உள்ளே போகும்படி மடித்து, அவன் முடிக்க வேண்டிய துணிகளுக்கு நடுவில் செருகி வைத்தேன்.

இதுவரைக்கும் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் துணி வெளியே வந்தது. அவன் கையெல்லாம் நடுங்க, நான் தொடவே இல்லைடா என்றான். நான் என் எலுமிச்சைச் சோற்றில் பாதியை அவனுக்குத் தந்தேன். "நீ செய்யலைன்னா மாஸ்டர் நம்புவாரு. போய்ச் சொல்லு, நான் இருக்கேன்" என்றேன். போனான். மாஸ்டர் அடிக்கட்டையால் இரண்டு போட்டார். நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் சாயங்காலமே போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து மாஸ்டர் அந்தத் துணியை வெளிச்சத்தில் விரித்து வெகுநேரம் பார்த்தார். எங்கள் கடையில் காலர் சுவர்ப்பக்கம் இருக்கும்படிதான் துணியை விரிப்போம், எப்போதும். அப்புறம் கரி போடாத பெட்டியை என் முன்னால் வைத்து "எடு, தேய்" என்றார். எடுத்தேன். வலக்கையில். பெட்டியின் மூக்கு இடப்பக்கம் பார்த்து நின்றது, துணியில் பதிந்திருந்த மூக்கைப் போலவே. "சரி, வை. போய்க் காஜா எடு" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குத் திட்டியிருந்தால் இதை இவ்வளவு வருஷம் ஞாபகம் வைத்திருப்பேனா தெரியாது.

அவன் வீட்டுக்கு மாஸ்டரே நேரில் போய்க் கூப்பிட்டார். வேண்டாம் மாஸ்டர் என்று வாசலிலேயே சொல்லிவிட்டானாம். தொடரிலும் குற்றமற்றவள் என்று ஆனதும் அசோகாவைத் திரும்ப வரச்சொல்கிறார்கள். அவள் பதவான் அடையாளமான மணிச்சரத்தை அனகின் நீட்டுகிறான். அவள் அவனுடைய விரல்களை அந்தச் சரத்தின்மேலேயே மூடிவிட்டுப் படியிறங்கிப் போகிறாள். அங்கே போனை அணைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7 – புதன்

கட்டிங் முடிந்தது. கருநீலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சூடு தாங்காத துணி என்பதால், மேலே ஒரு ஈரப் பருத்தித் துணியைப் போட்டு அதற்குமேல்தான் பெட்டி. கீழே வைக்க வேண்டியிருந்தால் நிறுத்தித்தான் வைப்பேன். என் கடையில் இது சட்டம்.

பாரிஸின் மிச்சக் கதை இந்த வருஷம் மே 4 அன்று வந்திருக்கிறது. மூன்று குட்டி எபிசோடுகள். சிறையிலிருந்து எடுத்துப்போய், ஜெடாய்களை வேட்டையாடும் கூட்டத்தில் சேர்க்கிறார்கள். அங்கே நடக்கிற கொலைகளைப் பார்த்து அதையும் விட்டுப் போகிறாள். வருஷங்கள் கழித்து எங்கோ ஒரு மூலையில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பழைய கூட்டாளி லின் தேடி வந்து, குகைக்குள் அவளைக் குத்திவிடுகிறாள். குத்தியவளே கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு நடக்கிறாள்.

நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு குறை. நல்லவள் எப்படிக் கெட்டுப்போனாள் என்று முன்னால் காட்டவே இல்லை. இரண்டாம் சீசனில் பார்த்தவளை ஐந்தாம் சீசனின் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தி, இவள்தான் என்றால் எப்படி? திருந்துவதற்கு மூன்று எபிசோடு கொடுத்தவர்கள் கெடுவதற்கு ஒன்று கொடுத்திருக்கலாம். இன்னொன்று, இந்த மூன்றிலும் அவள் அசோகாவைப் போய்ப் பார்க்கவே இல்லை. ஊரார் காயத்துக்கெல்லாம் மருந்து போடுகிறாள்.

அக்கா பொண்ணிடம் இதைச் சொன்னேன். "நீங்க ஏன் மாமா இவ்ளோ சீரியஸா பாக்குறீங்க, டிரஸ் ரெடியா?" என்றாள்.

ஆகஸ்ட் 10 – சனி

காலை பஸ்ஸில் பாண்டிச்சேரிக்கு. இந்த ரூட்டில் போகும்போது நான் எப்போதும் வலப்பக்க ஜன்னலில்தான் உட்காருவேன். இன்று கூட்டம், இடப்பக்கம்தான் இடம் கிடைத்தது. ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம். அரியாங்குப்பத்தில் பஸ் ஐந்து நிமிஷம் நெரிசலில் நின்றது. கடை அப்படியே இருக்கிறது. போர்டில் பெயிண்ட் மட்டும் வெளுத்துவிட்டது. வாசற்படியில் ஒரு சின்னப் பையன் மடியில் சட்டையை வைத்து காஜா எடுத்துக்கொண்டிருந்தான்.

ஹாஸ்டல் வாசலில், வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் நின்றே போட்டுப் பார்த்தாள். தோள் சரி, நீளம் சரி. தலையை அசைத்தால் முக்காடு பின்னால் சரிகிறது. அவள் சுற்றியிருக்கிற தலைத்துணி வழுக்குகிறது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அசையாதே என்று சொல்லிவிட்டு, நெற்றிக்குமேல் இரண்டு பக்கமும் ஊசியால் ஹூக் வைத்தேன். மூக்கில் ஐ-லைனரால் கட்டம் வரைந்திருந்தாள். ஒன்று கோணல். அதைச் சொல்லவில்லை.

"கோர்ட்ல பேசுறாளே, அதைத்தான் பேசப்போறேன் மாமா."

"நல்லாப் பேசு" என்றேன்.

திரும்பும்போது அரியாங்குப்பத்துக்கு டிக்கெட் எடுத்து இறங்கினேன். எதிர்ப்பக்கம் டீக்கடை. ஒரு டீ சொல்லிவிட்டு நின்றேன். அவன் டேபிளில் குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்தான். முடி முன்னால் கொட்டிவிட்டது. கத்தரிக்கோல் இடக்கையில். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் கட்டைவிரல் அடியில் காய்த்துப்போகும், அப்போதே அவனுக்கு அங்கே ஒரு தடிப்பு உண்டு. பையன் ஏதோ கேட்டான். அவன் வெட்டுவதை நிறுத்தி, சட்டையை வாங்கி, காஜாவைப் பிரித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். சத்தம் போடவில்லை.

இரண்டாவது டீயும் சொன்னேன். அதுவும் ஆறிப்போகிற நேரத்தில் அவன் நிமிர்ந்து சாலையைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தானா, பின்னால் வந்த கடலூர் பஸ்ஸையா, தெரியவில்லை. காசு கொடுத்துவிட்டுச் சாலையைத் தாண்டினேன். "என்ன சார், ஆல்ட்ரேஷனா?" என்று பையன் கேட்டான்.