அண்டாவில் மிஞ்சிய சோறு

அந்தச் சோற்றைக் கொடுக்காதது சரிதான். யாரிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தாலும் முதலில் இதுதான் வாயில் வருகிறது.

பாலக்கோடு பக்கம் ஒரு சமுதாயக் கூடம், வளைகாப்பு. நான் மாஸ்டருக்குக் கை ஆள். 100 பேருக்கு 10 கிலோ அரிசி என்பது எங்கள் கணக்கு; அன்று மதியம் 20 கிலோ வடித்தோம். அதே நாளில் ஊரில் இன்னொரு விசேஷம், பாதிப் பேர் வரவில்லை. இரவு எட்டரைக்கும் கால் அண்டா சோறு மூடியபடியே கிடந்தது. பாத்திரம் தேய்க்க வந்திருந்த அக்கா தூக்குவாளியை நீட்டினார்.

“கொஞ்சம் போடு தம்பி, புள்ளைங்களுக்கு.”

“வேணாங்க்கா, மதியம் வடிச்சது.”

“நாங்க திங்காத சோறா?”

பதில் சொல்லாமல் அண்டாவை இழுத்துப் போய்க் கொல்லைக் குழியில் கவிழ்த்தேன், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மாட்டுக்காவது வைத்திருக்கலாமே என்றார் மாஸ்டர். அவ்வளவு சோறு தின்றால் மாட்டுக்கும் வயிறு உப்பிவிடும் என்றேன்.

பழைய சோறு தின்று வளர்ந்தவன்தான் நானும். காலையில் பழையது, இரவு களியும் கீரைக் கடைசலும். ஆனால் வீட்டில் ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்போம், அது புளிக்கும். அண்டாச் சோறு அப்படியில்லை. குவித்து மூடிவிட்டால் மேலே ஆறினாலும் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு நிற்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி பெருகும். அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் விதை கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சைக் கக்கும், அப்புறம் சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மூடியைத் திறந்தபோது லேசாக ஒரு வாடை வந்தது. பிள்ளைகளுக்கு என்று வேறு சொன்னார். எப்படிக் கொடுப்பது?

இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? எனக்கு அப்போது பிள்ளைகளின் வயிறு மட்டுமா நினைவில் இருந்தது? ஏதாவது ஆனால் ‘அந்த மாஸ்டர் சமையல்’ என்று ஊர் பேசும், எனக்கு வேலை போகும் என்பதும் இருந்தது. எது முன்னால் இருந்தது என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் இரவுப் பந்திக்கு வடித்த சோறு அடுப்புப் பக்கத்தில் ஆவி பறக்க இருந்தது. அது வீட்டுக்காரர்களுடையது, கேட்காமல் எடுக்க எனக்கு உரிமை இல்லை. சரி, கேட்டிருக்கலாமே. அவர்கள் வாசலில்தான் நின்றிருந்தார்கள். பழைய சோற்றை மறுக்கத் தெரிந்த எனக்குப் புதுச் சோறு கண்ணில் படவே இல்லை.

காலி அண்டாவையும் அவர்தான் தேய்த்தார். அடுத்த மாதம் அதே கூடத்தில் நிச்சயதார்த்தம். அவர் வந்தார், தூக்குவாளி கொண்டுவரவில்லை. முதல் பந்திக்கு முன்பே ஒரு பாத்திரத்தில் சோறும் சாம்பாரும் எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

“வேணாம் தம்பி, வீட்ல ஆக்கிட்டுத்தான் வந்தேன்” என்றார்.