வயலின் தரவு யாருக்குச் சொந்தம்?

இணைய வசதியுள்ள இன்றைய டிராக்டரும் அறுவடை இயந்திரமும் எந்த இடத்தில் எவ்வளவு விதைத்தோம், எவ்வளவு விளைந்தது என்பதையெல்லாம் பதிவு செய்து, தயாரித்த நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவிடுகின்றன. அந்தத் தரவு உழைத்தவருக்கே சொந்தம் என்றுதான் மனம் சொல்லும். சட்டம் அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. தனிநபர் தகவலைக் காக்கும் சட்டங்களுக்குள் மண்ணின் தன்மையும் விளைச்சல் வரைபடமும் பல நேரங்களில் அடங்குவதில்லை. மிஞ்சுவது, அவசரத்தில் 'சம்மதம்' என்று அழுத்திய ஒப்பந்தம் மட்டுமே.

என்னைக் கோபப்படுத்துவது இதுதான்: ஒரு வயலின் கணக்கு சிறியது, ஆயிரக்கணக்கான வயல்களின் கணக்கு ஒரே கையில் சேர்ந்தால் அது பெரும் பலம். விதையும் உரமும் விற்பவரிடமே அது இருந்தால், பேரம் பேசும்போது விவசாயியின் நிலை என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-இல் வந்த வேளாண் தரவு நடத்தை விதிகள் வெறும் விருப்ப ஏற்பாடு. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டமோ, இணைய வசதியுள்ள கருவியைப் பயன்படுத்துபவருக்கு அதன் தரவைப் பெறவும், விரும்பியவரோடு பகிரவும் உரிமை தருகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-இல் வேளாண் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. தயாரித்த நிறுவனம் மட்டுமே திறக்கக்கூடிய மென்பொருள் பூட்டால் அறுவடை நாளில் இயந்திரம் முடங்கி நிற்பது அநியாயம் (மழை யாருக்காகவும் காத்திருக்காது).

இந்தத் தரவை வைத்து ஆலோசனை தரும் செயலி சொன்ன மருந்தளவைத் தெளித்துப் பயிர் கருகினால் யார் பொறுப்பு? "இது வெறும் ஆலோசனை" என்ற ஒரு வரியைக் காட்டி நிறுவனம் விலகிக்கொள்ள விடக் கூடாது. கையெழுத்திடும் முன் விவசாயச் சங்கங்கள் ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, இந்த ஒப்பந்தங்களை வரிவரியாகப் படிக்க வேண்டும்.