கல்லடி ரோட்டில் நிழலைத் தேடி எடுக்கும் படங்கள்

மட்டக்களப்பில் கெமரா வைத்திருக்கிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "பாசிக்குடாவுக்குப் போனீங்களா?" போயிருக்கிறேன், நல்ல கடற்கரைதான். ஆனால் நான் ஆசைப்பட்டுப் படம் எடுப்பது வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்துக்குள்ளேயே. பழைய கல்லடிப் பாலம், அதைத் தாண்டி உப்போடைப் பக்கம் போகும் பிரதான வீதி, அதிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள், அவ்வளவுதான் என் எல்லை. அதற்குள்ளும் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. வெயில் நேரத்தில் எங்கள் சனம் எங்கே ஒதுங்குகிறது, யார் யாருக்கு நகர்ந்து இடம் விடுகிறார்கள், யாருக்கு நிழலே கிடைப்பதில்லை, இதை மட்டும்தான் தேடுகிறேன்.

கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தால் போன் நிறையும், படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒரு பூனை, ஒரு சைக்கிள், ஒரு கோயில் தேர், பிறகு மறுபடி ஒரு பூனை. ஒவ்வொன்றும் அழகாகவே இருக்கலாம், ஆனால் ஒரு வருசம் கழித்து எடுத்துப் பார்த்தால் இந்த ஊரைப் பற்றி நீங்கள் என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று அவற்றால் சொல்ல முடியாது. கையில் ஒரு கேள்வி இருந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்கே தெரியும். அதனால் தெருப்படம் எடுக்கத் தொடங்குகிற தம்பி தங்கச்சிமார் என்ன கெமரா வாங்கலாம் என்று கேட்டால், உங்கள் தெருவில் உங்களுக்கு விளங்காத ஒன்று என்ன, அதை முதலில் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நிழலைத் தேடி நடக்கத் தொடங்கிய பிறகுதான் ரோட்டின் அமைப்பே பிடிபட்டது. கல்லடி, கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் நடுவில் கிடக்கிற நிலம். பிரதான வீதி ஏறத்தாழ வடக்குத் தெற்காகப் போகிறது. காலையில் சூரியன் கடல் பக்கம் இருப்பதால் கடல் பக்கக் கடைகளின் முன்னால் நிழல் விழுகிறது. பின்னேரம் அந்த நிழல் வாவிப் பக்கக் கடைகளுக்கு மாறிவிடுகிறது. ரோட்டோரம் விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காலையில் ஒரு பக்கத்தில் படங்கு கட்டாமலே உட்கார்ந்திருப்பவர், மத்தியானம் சாமானைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார். அந்த இடமாற்றத்தை ஒரே இடத்தில் நின்று காலையும் மாலையும் எடுத்து இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுவே ஒரு கதை.

எனக்கு மிகவும் பிடித்தது பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். கூரை இல்லாத தரிப்பிடத்தில் கொங்கிரீட் மின்கம்பம் ஒன்று இருந்தால் போதும், அதன் நிழல் ஒரு சாண் அகலம்தான், அதற்குள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். முன்னால் ஒரு அம்மா சாரித் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, பின்னால் பள்ளிப் பிள்ளை ஒன்று புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் சாரன் கட்டிய ஐயா, வரிசையாக நில்லுங்கள் என்று யாரும் சொல்லாமலே. சூரியன் நகர நகர அந்த வரிசையும் கம்பத்தைச் சுற்றி மெதுவாக நகரும். ஏப்ரல் 10ஐ ஒட்டிய நாட்களில் மத்தியானம் பன்னிரண்டு மணியளவில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், கம்பத்துக்கு நிழலே இருக்காது, அந்த நேரம் வரிசையும் கலைந்து ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் மறுபடியும் அப்படி வரும். ஜூனில் அதே நேரம் நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே, அதுவும் கம்ப உயரத்தில் பாதிக்கு மேல் நீளமாக. கச்சான் காற்று வீசுகிற மாதங்களின் வெக்கையில் எடுத்த வரிசைக்கும் மார்கழியில் எடுத்த வரிசைக்கும் உள்ள வித்தியாசம் முகங்களிலேயே தெரியும்.

பழைய பாலத்தையும் சொல்ல வேண்டும். 1924இல் திறந்த இரும்புப் பாலம், பக்கத்திலேயே 2013இல் புதுப்பாலம் வந்துவிட்டது. பெரிய வாகனங்கள் புதியதில் போவதால் பழையதில் ஆற அமர நிற்கலாம். காலையில் இரும்புச் சட்டங்களின் நிழல் தரையில் கட்டம் கட்டமாக விழும், நடந்து போகிறவர்கள் மேலும் விழும். அங்கே ஆட்களைத் துரத்தக் கூடாது. நல்ல கட்டம் ஒன்றைப் பார்த்து, மூலைகளில் தேவையில்லாதது இல்லையா என்று சரிபார்த்து, அப்படியே நின்றுவிட வேண்டும். ஆட்கள் தானாக வருவார்கள்.

கெமரா விசயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், போனே போதும். நிழலும் வெயிலும் ஒன்றாக வரும்போது போன் தடுமாறும்: நிழலில் நிற்பவரின் முகத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்தால் ரோடு வெளுத்துவிடும், ரோட்டுக்குச் சரிசெய்தால் முகம் இருட்டாகிவிடும். திரையில் ரோட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும், பிறகு கொஞ்சம் மட்டும் கூட்டுங்கள். வெளுத்த இடத்தைப் பிறகு மீட்க முடியாது, இருண்ட இடத்தை ஓரளவு மீட்கலாம். கெமராவில் என்றால் அகலமாகப் பிடிக்கும் 28 மில்லிமீற்றர் லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப் 8, குவியம் இரண்டு மீற்றரில், நடக்கிற ஆள் கலங்காமல் வர 1/500 நொடி. மத்தியான வெயிலுக்கு இது தாராளமாகக் கட்டும்.

ஆட்களிடம் நடந்துகொள்ளும் முறையில்தான் எனக்குக் கண்டிப்பு உண்டு. பிள்ளைகளைக் காணாமல் தேடும் தாய்மார் படங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீதியில் நின்ற ஊர் இது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது எத்தனையோ வீடுகளின் கலியாண அல்பங்கள் ஆட்களோடு சேர்ந்து போயின. இங்கே ஒரு முகத்தைப் படமாக எடுப்பது சின்ன விசயமில்லை. "எதுக்கு மகன் படம்?" என்று ஒரு அம்மா கேட்டால் அதில் கோபம் இல்லை, கேட்க வேண்டிய நியாயம் இருக்கிறது, அதற்கு நேரான பதில் என்னிடம் இருக்க வேண்டும். "வெயிலுக்கு ஆக்கள் எப்படி ஒதுங்கி நிக்கினம் எண்டு எடுக்கிறன் அம்மா" என்று சொன்னால் பெரும்பாலும் சிரித்துவிட்டு, "அந்த வேம்படியில போய்ப் பாருங்க, அங்கதான் எல்லாரும்" என்று அவரே இடமும் காட்டுவார். வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன், அவர் பார்க்க.

காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டி கட்டி மீன் கொண்டு வரும் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் பூவரசு நிழலில் நிறுத்தித் தராசைத் தூக்கும் படம் என்னிடம் இருக்கிறது. அதை ஸ்டூடியோவில் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தில் அவர் முதலில் பார்த்தது தன்னை இல்லை, பெட்டி மூடியில் வெட்டு விழுந்திருப்பதை. "இத மாத்தோணும்" என்றார். அப்புறம் நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதாவது சொல்லுவார். எங்கே மரம் வெட்டப் போகிறார்கள் என்ற செய்திகூட அவர் மூலம்தான் வந்தது, வெட்டுவதற்கு முன்பே போய் எடுத்துவிட்டேன். ஊருக்குள்ளேயே படம் எடுப்பதில் உள்ள பலம் இதுதான், மறுபடி வரலாம், மறுபடி சந்திக்கலாம். சோல் லைட்டர் என்ற அமெரிக்கப் படக்கலைஞர் 1950களிலிருந்து 2013இல் இறக்கும்வரை நியூயோர்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியிலேயே வாழ்ந்து, மழைக் கண்ணாடி, குடை, பனி என்று தன் தெருக்களையே எடுத்தவர். அவர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தைரியம் வருகிறது.

கஷ்டப்படுகிறவர்களின் கிழிந்த உடுப்பையும் சுருங்கின முகத்தையும் கிட்டப் போய் எடுப்பதை நான் விரும்பவில்லை. நிழலில் தூங்குகிற கூலியாளின் முகத்தையும் எடுப்பதில்லை. அவர் கழற்றி வைத்த செருப்பும் தண்ணிப் போத்தலும் போதும்.

எடுத்த படங்களை அன்றைக்கே முகநூலில் போடாதீர்கள். விருப்பக்குறி வந்த படம் நல்ல படம் என்று மனம் நம்பத் தொடங்கிவிடும். ஓரிரு மாதம் கிடக்கட்டும், பிறகு சிறிய அளவில் கழுவித் தரையில் பரப்பி, கேள்விக்குப் பதில் சொல்லாத படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் திகதி, நேரம், இடம் எழுதுங்கள். நிழல் போன இடங்களுக்கு அதுதான் சாட்சி.

நவம்பரில் மழை தொடங்கினால் இதே ரோட்டில் சனம் வேறு இடங்களில் ஒதுங்கும். வேம்படி வெறிச்சோடும், கடை விறாந்தைகள் நிரம்பும். போனைச் சொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு விறாந்தைகளை எடுக்கப் போகிறேன். கல்லடியில் யாராவது கூட வரத் தயார் என்றால் சொல்லுங்கள், காலையில் பழைய பாலத்தடியில் சந்திப்போம்.