லெபனானுக்குப் போகும் நெத்திலி

பக்கத்து வீட்டு அக்காவின் மகன் ஐநா அமைதிப்படையோடு லெபனானில் இருக்கிறான். 2007லிருந்து மலேசிய வீரர்கள் மாறி மாறி அங்கே போகிறார்கள். ஆனால் எங்கள் தோட்டத்து லயத்துப் பையன் ஒருவன் நீலத் தொப்பி போட்டது இதுவே முதல்முறை.

அடுத்த அணியில் கிளம்பும் ஒருவர் ஒரு பெட்டி கொண்டுபோகச் சம்மதித்தார். ஐந்து கிலோதான். அக்கா முறுக்கு சுட்டார், நான் மாங்காய் ஊறுகாய் போட்டேன். சனிக்கிழமை சித்தப்பா வறுத்த நெத்திலியோடு வந்து நின்றார்.

2008 தேர்தலில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் தொகுதி ஆளுங்கட்சியிடமிருந்து எதிர்க்கட்சிக்குக் கைமாறியதிலிருந்து அப்பாவும் அவரும் ஒரே ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்ததில்லை. அன்று அப்பா தராசைப் பிடித்தார், சித்தப்பா டேப் ஒட்டினார். எடை கூடியபோது அப்பாவே மைலோவை வெளியே எடுத்து வைத்து, "நெத்திலி போகட்டும்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இந்த ஊருக்குப் படையைத் தெரியும். 1948 ஜூன் 16 அன்று இங்கேதான் மூன்று தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்புறம் 1960 வரை, காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க அவசரகாலம். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும்போது, கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலம்கூட எடுத்துப்போகச் சீருடைக்காரர்கள் விடமாட்டார்கள் என்று பாட்டி சொல்வார். அதனால் சீருடை என்றாலே அவருக்குப் பயம். அந்தப் பாட்டிதான் பெட்டியின் மேல் திருநீறு தடவினார்.

நேற்று பையன் போன் செய்தான். பெட்டி கிடைத்துவிட்டதாம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே போனில் தலையை நுழைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்கள்.