வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது

5 செப்டெம்பர் 2022, திங்கள்

இளைப்பாறிய மொழிபெயர்ப்பாளன் வீட்டுக்கு இரண்டு வகை ஆட்கள்தான் வருவார்கள். வெளிநாடு போவதற்குப் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலமாக்க வருகிறவர்கள் ஒரு வகை. மற்ற வகையைப் படலை திறக்கும் ஓசையிலேயே அறிந்துவிடுவேன். இன்று காலை வந்த அம்மா படலைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். ஊர் பருத்தித்துறைப் பக்கம். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் ஆறு மாதக் கடதாசிகள்.

மகனுக்கு இருபத்துநான்கு வயது. முகநூலில் ஏதோ படம் பகிர்ந்தானாம். பெப்ரவரிக் கடைசியில் கொண்டுபோனார்கள், இப்போது கொழும்பில் தடுத்து வைத்திருக்கிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுப்புக்காவல் உத்தரவுகள் மூன்று, மூன்றும் சிங்களத்தில். தமிழும் அரச கரும மொழிதான் என்று அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை சொல்கிறது. அது அவருடைய பையில் இருக்கவில்லை.

"அவன் என்ன செய்தான் என்று இதில் எழுதியிருக்கிறார்கள், ஐயா?"

சட்டவிரோதச் செயலொன்றுடன் தொடர்புடையவர் அல்லது சம்பந்தப்பட்டவர் என்று நம்புவதற்கோ சந்தேகிப்பதற்கோ காரணம் உண்டு. அவ்வளவுதான் இருந்தது. வாசித்துச் சொன்னேன்.

"சம்பந்தமா? நான் இவனுடைய தமக்கைக்குத்தான் சம்பந்தம் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

6 செப்டெம்பர்

மின்சாரம் நின்ற நேரத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் மூன்று உத்தரவுகளையும் பெயர்த்து முடித்தேன். திகதியைத் தவிர மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. ஒருமுறைக்கு மூன்று மாதம். முன்பு இப்படிப் பதினெட்டு மாதம் வரை நீட்டலாம். இந்த மார்ச்சில் வந்த திருத்தம் அதைப் பன்னிரண்டு ஆக்கியது. அதைச் சீர்திருத்தம் என்கிறார்கள். ஒருவனை வழக்கில்லாமல் ஒரு வருடம் வைத்திருப்பதை அப்படி அழைக்க எனக்கு வாய் வரவில்லை. உத்தரவு இறுதியானது, எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்று 10 ஆம் பிரிவு வேறு அதுவரை காவல் நின்றது; அதையும் இந்தத் திருத்தம்தான் மாற்றியது.

இந்தச் சட்டத்தின் முழுப்பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் இன்னமும் இருக்கின்றன. 1979 ஜூலையில் மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்தார்கள். 1982இல் அந்த எல்லையை நீக்கினார்கள். அந்த 1979 ஆடியில்தான் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் இரண்டு இளைஞர்களின் உடல்கள் கிடந்தன. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சைக்கிளில் அந்த வழியால் போவதையே சில மாதம் விட்டுவிட்டேன்.

8 செப்டெம்பர்

நித்திரை இல்லை. நான் உரைபெயர்ப்பாளனாக நின்ற ஒரு வழக்கு திரும்பத் திரும்ப வருகிறது. தொண்ணூறுகள். குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சுயமாகத் தரப்பட்டதா என்று பார்க்கும் உண்மை விளம்பல் விசாரணை. கூண்டில் ஒரு பெடியன். வாக்குமூலத்தின் அடியில் வழக்கமான வரி: "எனக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது. சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்." நான் அதைத் தமிழில் சொன்னதும் அவன் என்னைப் பார்த்து, "இதை நீங்கள்தான் எனக்கு முதன்முதலாக வாசிக்கிறீர்கள்" என்றான். அதையும் பெயர்த்தேன். என் தொழில் அவ்வளவுதான்.

சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் சொன்ன ஒப்புதலைச் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்காது. கோழிக் கள்ளனுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவிலோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் முன் சொன்னது சாட்சியாகிவிடும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியவன் அடி வாங்கியவன்.

நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்கெல்லாம் தாய் வழக்கு. 1993இல் கைது. ஒப்புதலை ஆதாரமாக வைத்து 1995இல் ஐம்பது வருடச் சிறை, மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. வாக்குமூலத்தை எடுத்த இரண்டு பொலிஸாரில் ஒருவரே தட்டச்சும் செய்து, அவரே மொழியும் பெயர்த்தார். இது முறையான விசாரணை அல்ல என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. இலங்கையில் அந்தத் தீர்மானத்துக்குச் சட்டவலு இல்லை என்று உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது.

பெயர்ப்பாளனும் விசாரிப்பவனும் ஒரே ஆள். என் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

10 செப்டெம்பர், சனி

இந்தச் சட்டத்தை நீக்கக் கோரி கையெழுத்து வாங்கும் ஊர்தி இன்று வடக்கிலிருந்து புறப்பட்டது. காங்கேசன்துறையில் தொடங்கி அம்பாந்தோட்டை வரை போகிறதாம். நானும் போனேன். மகஜரை முழுதாக வாசித்த பிறகுதான் ஒப்பமிட்டேன். பின்னால் நின்ற தம்பி பொறுமையிழந்து, "ஐயா, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்றான். இருக்கலாம்.

போன மாதம் தெற்கில் போராட்டத்தில் முன்நின்ற மூன்று மாணவச் செயற்பாட்டாளர்களை இதே சட்டத்தில் தடுத்து வைத்தார்கள். ஒருவர் பிக்கு. நாற்பது வருடமாக நாங்கள் சொன்னதைத் தெற்கில் சிலர் இப்போதுதான் கேட்கிறார்கள். எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, கோபமும் முழுதாக இல்லை.

14 செப்டெம்பர்

பையின் அடியில், மருந்துத் துண்டுகளோடு ஒட்டிக்கொண்டு ஒரு பற்றுச்சீட்டு! கைதாகி நான்காம் நாள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு பதிந்திருக்கிறார். "யாரோ போகச் சொன்னார்கள், போனேன்" என்கிறார்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். எப்போதோ தவறிவிட்டது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு. வெறும் கோப்பித்தண்ணீரைக் குடித்துவிட்டு நானே பஸ் ஏறி சட்டத்தரணியிடம் கொண்டுபோனேன். அவர் என் அளவுக்குத் துள்ளவில்லை. இலக்கம் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று கடிதம் வேண்டும் என்றார். நாளைக்கு அம்மாவை அனுப்ப வேண்டும்.

19 செப்டெம்பர்

கடிதம் கேட்டு விண்ணப்பித்தாயிற்று. வருகிற சனிக்கிழமை அம்மா மகனைப் பார்க்கப் போகிறார். இரவு பஸ், பத்து நிமிடச் சந்திப்பு, மறுபடி இரவு பஸ்.

ஒரு துண்டில் தமிழ் எழுத்தில் ஒரு சிங்கள வரியை எழுதிக் கொடுத்தேன்: "மட்ட சிங்கள கியவன்ன பே." 'எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது' என்று அர்த்தம். அவனிடம் சொல்லச் சொன்னேன்; யார் எதை நீட்டினாலும் முதலில் இதைச் சொல்லட்டும். அம்மா முற்றத்தில் நின்று ஏழெட்டுத் தரம் சொல்லிப் பார்த்தார். 'கியவன்ன' அவருக்குக் கடைசிவரை 'கியாவண்ண'தான்.

27 செப்டெம்பர்

அம்மா தொலைபேசியில் பேசினார். வரியைச் சொன்னதும் மகன் சிரித்தானாம். இப்போது அவனுக்கு வாசிக்க வருமாம். உள்ளே ஒரு சிங்களப் பெடியன் எழுத்துப் பழக்கியிருக்கிறான். முதல் வாரத்தில் கையொப்பம் வாங்கிய கடதாசியில் என்ன இருந்தது என்று வாசித்துப் பார்க்க வேண்டுமாம். ஐயாவிடம் பிரதி ஒன்று எடுக்க முடியுமா என்று கேட்டு வரச் சொன்னானாம்.

சட்டத்தரணியைக் கேட்டேன். குற்றப்பத்திரம் கையளிக்கும்போது இணைப்பாக வரும் என்றார்.