வசனத்தை மூடிவிடாமல் வாசிப்போம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஓரினச்சேர்க்கை பற்றிப் பேச்சு வந்தால் ஆணோடு ஆண் சேர்வதை அருவருப்பு என்னும் லேவியராகமம் 18:22-ஐ வாசித்ததோடு வேதத்தை மூடிவிடுவது நம் வழக்கம். 20:13-க்கும் போங்கள், அங்கே தண்டனை மரணம். அதே அதிகாரத்தின் 9-ஆம் வசனத்தில் தாய் தகப்பனைச் சபிப்பவனுக்கும் அதே தண்டனைதான். இதை நிறைவேற்ற நம்மில் யார் தயார்? ஆக, மனச்சாட்சியோடுதான் ஏற்கெனவே வாசிக்கிறோம்.

ஓரினச்சேர்க்கையால் அழிந்ததாக நாம் சொல்லும் சோதோம் நகரின் பாவம் எசேக்கியேல் 16:49-ல் இருக்கிறது: கர்வம், வயிறு நிறைந்த சுகவாழ்வு, ஏழைக்குக் கைகொடுக்காதது. அடுத்த வசனத்தில் அருவருப்பு என்றும் வருகிறது, அதை மறைக்கக் கூடாது.

கடினமானது ஒரே பாலின உறவைக் கண்டிக்கும் ரோமர் 1:26-27. அதை மழுப்பினால் கேட்பவருக்கு நம்பிக்கை போய்விடும். 2:1 வரை நிறுத்தாமல் வாசியுங்கள். பவுல் தீர்ப்புச் சொல்கிறவன் பக்கம் திரும்புகிறார்.

எனக்கு மிக வலுவாகப் படுவது அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர் விஷயம். உபாகமம் 23:1 அவரைச் சபைக்கு வெளியே நிறுத்துகிறது. ஏசாயா 56:4-5 பிள்ளைகளைவிட மேலான பெயரை அவருக்கு வாக்களிக்கிறது. அப்போஸ்தலர் 8-ல் கந்தாகே அரசியின் மந்திரியான அண்ணகர் ஞானஸ்நானமே பெறுகிறார். வேதத்துக்குள்ளேயே கதவு திறக்கிறது!

வேதத்தைக் காட்டித்தான் இந்த நாட்டில் நிறவெறியையும் நியாயப்படுத்தினார்கள். 1949-இன் கலப்புமணத் தடைச் சட்டத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை.

சட்டம் சபையைக் கட்டாயப்படுத்தும் என்ற பயம் வேண்டாம். ஒரே பாலினத்தவர் திருமணத்தை அனுமதிக்கும் 2006-இன் சிவில் யூனியன் சட்டப்படி, சபைகளைப் பொறுத்தவரை தானே விண்ணப்பித்து அனுமதி பெற்ற சபையின் போதகர்தான் அத்திருமணத்தை நடத்தலாம்.