கார்ன்வாலிஸ் குதிரைப் பண்ணை: வெள்ள நாட்குறிப்பு

2022 ஜூலை 2, சனி இரவு

மழை விடவே இல்லை. சிட்னிக்கு வடமேற்கே ஹாக்ஸ்பரி ஆற்றோரம் கார்ன்வாலிஸில், மகள் குதிரையேற்றம் பழகும் பண்ணையிலிருந்து மத்தியானம் செய்தி வந்தது: ஃப்ளோட் இருப்பவர்கள் உடனே வரவும். காருக்குப் பின்னால் குதிரையை ஏற்றி இழுத்துப்போகும் வண்டிக்கு சிட்னியில் ஃப்ளோட் என்று பேர். எங்களிடம் வண்டி இல்லை, கையாவது உதவட்டும் என்று கிளம்பினோம். போய்ச் சேரும்போது பண்ணை வாசலில் ஆறு ஃப்ளோட்டுகள் வரிசைகட்டி நின்றன. பாதிப் பேரைப் பண்ணைக்காரம்மாவுக்கே தெரியாது. செய்தி கைமாறிக் கைமாறிப் போய், வந்திருக்கிறார்கள்.

மொத்தம் 11 குதிரைகள். பத்து ஏறிவிட்டன. பிஸ்கட் என்ற செம்பழுப்புக் கிழட்டுக் குதிரை மட்டும் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. ஆளுக்கு ஆள் இழுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் பழக்கும் போனி கிளப்பில் இருந்து வந்த ஒரு பெரியவர் கயிற்றை வாங்கிக்கொண்டு எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னார். பிஸ்கட்டோடு எப்போதும் சேர்ந்து மேயும் குட்டைக் குதிரையை வேறு வண்டியிலிருந்து இறக்கி, இந்த வண்டியில் ஏற்றச் சொன்னார். அப்புறம் கயிற்றைத் தளர்த்திவிட்டு, மழையில் நனைந்தபடி சும்மா நின்றார். பத்து நிமிடம் இருக்கும். பிஸ்கட் கழுத்தை நீட்டி மோந்து பார்த்தது. ஒரு கால் வைத்தது. இன்னொரு கால். தானாகவே ஏறிவிட்டது.

மகள் ஒவ்வொரு குதிரையின் குளம்பையும் துடைத்து, பெயிண்ட் பேனாவால் தொலைபேசி எண் எழுதினாள். பிரிந்து போனால் கண்டுபிடிக்க வேண்டுமே.

ஜூலை 3, ஞாயிறு

விடியுமுன்பே வாரகம்பா அணை நிரம்பி வழிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் அணையை மட்டும் சொல்லிப் பயனில்லை. வின்ட்சர், ரிச்மண்ட் சமவெளிக்குப் பல பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்து சேர்கிறது. வெளியே போக இருப்பதோ சாக்வில் பக்கத்து மணற்பாறைகளுக்கு நடுவே ஒரு குறுகல் வழி. வாய் சின்னதாக உள்ள தொட்டி மாதிரி. வருவது வேகமாக வரும், வடிவது மெல்லத்தான் வடியும்.

ஜூலை 6, புதன்

வின்ட்சரில் ஆற்று மட்டம் 13.93 மீட்டர் தொட்டிருக்கிறது. மார்ச்சில் வந்ததைவிட அதிகம். 1978-க்குப் பிறகு இவ்வளவு ஏறியதில்லை.

குதிரைகள் கிளாரண்டனில் ஹாக்ஸ்பரி ஷோகிரவுண்ட் என்கிற கண்காட்சித் திடலில் பத்திரமாக இருக்கின்றன. பள்ளி விடுமுறை என்பதால் மகளோடு நானும் தீனி போடப் போகிறேன். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ உலர்புல் வேண்டும். அங்கே கட்டப்பட்ட குதிரைகளை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு லாரி குதிரைமசால் வந்து இறங்கியது. ஊரில் மாட்டுக்குப் போடுவோமே, அதேதான். கட்டைப் பிரித்ததும் வந்த வாசனையில் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

இன்னொருவர் தன் வேனில் கொண்டுவந்த கட்டுகளுக்குள் பூசணம் பிடித்திருந்தது. தர வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்டதைத் தின்றால் வயிற்றுவலியிலேயே உயிர் போய்விடும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டுகளைத் திரும்ப ஏற்றிவிட்டு, அங்கேயே நின்று சாணி அள்ளினார்.

ஜூலை 16, சனி

இன்றுதான் பண்ணைக்குள் போக முடிந்தது. லாயத்துக் கூரைக்கு ஒரு சாண் கீழே சேற்றுக்கோடு. வேலி முழுக்கக் குப்பை, நாணல், யாரோ ஒருவருடைய கோழிக்கூண்டு. அந்தப் பாரத்தில் கம்பி அறுந்து, கம்பங்கள் படுத்துவிட்டன. உலர்புல் கொட்டகை அருகே போனால் அனல் அடித்தது. நனைந்த கட்டு உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறி, தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும் என்றார்கள். முதல் வேலையாக அதை வெளியே இழுத்துப் பிரித்துப் போட்டோம்.

வந்திருந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். துணிமூட்டை, சமையல் சாமான் என்று எதுவும் கொண்டுவரவில்லை. கம்பி வெட்டும் குறடு, வேலிக்கம்பம் அடிக்கும் இரும்புக் குழாய், காந்தம் கட்டிய தடி. தடி எதற்கு என்று கேட்டேன். சேற்றில் புதைந்த ஆணியையும் கம்பித்துண்டையும் பொறுக்க. ஒரு ஆணி குளம்பில் ஏறினால் போதும், மாதக்கணக்கில் நொண்டும். குதிரை வளர்ப்பவர்களுக்குத்தான் இன்னொரு குதிரைப் பண்ணைக்கு என்ன தேவை என்று தெரிகிறது. மாலைக்குள் ஒரு வாளி இரும்பு சேர்ந்தது.

பண்ணைக்காரம்மா சேணங்களைக் கழுவி வரிசையாகக் காயப்போட்டார். தோல் முறுக்கிக்கொண்டு கிடந்தது. 2021 மார்ச்சிலிருந்து எண்ணினால் இது நான்காவது வெள்ளம். அவர் அழவில்லை, ஆனால் ஒரே சேணத்தையே மூன்று தடவை கழுவினார்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

மேட்டுப்பக்கத் திடலுக்கு வேலியாக மின்சாரம் பாயும் நாடா கட்டி ஐந்து குதிரைகளைத் திரும்பக் கொண்டுவந்தாயிற்று. இன்று நாங்கள் ஏழு பேர்தான். செய்தியில் படம் வருகிற வரைதான் கூட்டம் என்று நினைக்க வேதனையாக இருக்கிறது. ஆனால் இந்த ஏழு பேரும் எல்லா ஞாயிறும் வருகிறார்கள்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

பிஸ்கட் தீனியை ஒதுக்குகிறது, அடிக்கடி வயிற்றுப்பக்கம் திரும்பிப் பார்க்கிறது. கால்நடை மருத்துவர் புதுச் சாணியில் கொஞ்சம் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கையுறைக்குள் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, விரல்கள் கீழே தொங்கும்படி ஆணியில் மாட்டினார். கால் மணி நேரத்தில் ஐந்து விரல் நுனியிலும் வண்டல் மணல் இறங்கிவிட்டது. புல் இன்னும் குட்டை. அதோடு மண்ணையும் சேர்த்து மேய்ந்திருக்கிறது.

மருந்து, சிலியம் உமி. அரை டன் குதிரைக்கு நாளுக்கு அரைக் கிலோ. தீவனக் கடையில் தீர்ந்துவிட்டது. மருத்துவர் காட்டிய பழைய டப்பாவைப் பார்த்ததும் புரிந்தது, இது நம் இசப்கோல்! மலச்சிக்கலுக்குப் பாட்டி தண்ணீரில் கலக்கிக் கொடுப்பாரே, அதுதான். நேரே நம் ஊர்க் கடைகள் நிறைய உள்ள வென்ட்வொர்த்வில் போய், கடை கடையாக ஏறி இருந்ததையெல்லாம் வாங்கினேன். கடைக்கார அண்ணன், "என்ன தம்பி, வீட்ல யாருக்கு?" என்று கவலையாகக் கேட்டார். குதிரைக்கு என்றதும் பாதி விலைதான் வாங்கிக்கொண்டார்.

நனைத்தால் கொழகொழத்துப் போகும், பிஸ்கட் முகர்ந்துகூடப் பார்க்காது. ஓட்ஸோடு உலர்ந்தபடியே பிசறி வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

தெற்குப்பக்க வேலி முடிந்தது. மகள் காலையிலேயே கையுறையை மாட்டிவிட்டு, நிமிடத்துக்கொரு தடவை ஓடிப்போய்ப் பார்த்தாள். நடுவிரலில் மட்டும் நகக்கண் அளவு மணல்.

"அப்பா, இன்னும் ஒரு வாரம் கொடுக்கணுமாம். எத்தனை பாக்கெட் இருக்கு?"

எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு. இன்னும் குறைந்தது ஆறு வாங்க வேண்டும்.